ட்ரிப்ஸை நிறுத்தியவள்

மார்ச் 3

தங்கைக்கு,

உன்னோடு போனில் பேசிப் பயனில்லை. முதல் முறை கத்தினாய். இரண்டாம் முறை பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஜகா வாங்க முடியாதபடி எல்லாம் தாளில் இருக்கட்டும்.

அப்பாவைப் பார்த்த ட்யூட்டி டாக்டரிடம் நேற்று நானே பேசினேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அப்பா விழுந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, பிரஷர் எண்பத்தாறில் கிடந்தார். நான் போனில் சொன்னபடி அவள் சலைனை வேகமாக ஏற்றினாள், பிரஷரைத் தூக்கும் மருந்தையும் தொடங்கினாள். இருபது நிமிடத்தில் நூற்றுப் பதினெட்டு. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அவரைக் கரைசேர்த்துவிட்டேன். அதன் பிறகு நீ போய் இரண்டையும் நிறுத்தியிருக்கிறாய். டாக்டர் சொல்லி அல்ல, நீயாக.

ஒரு நர்ஸ்! நூற்றுப் பதினெட்டில் இருந்த மனிதரை, பெற்ற அப்பாவை, ஒரு மணி நேரம் எண்பத்து சொச்சத்தில் கிடத்தி வேடிக்கை பார்த்திருக்கிறாய். இப்போது சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் நடக்கிறது. இடது புறங்கை கறுத்துக் கிடக்கிறதாம். வேறென்ன எதிர்பார்த்தாய்?

இங்கே என் கிளினிக்கில் என்னைக் கேட்காமல் ஒரு நர்ஸ் பஞ்சைக்கூட மாற்றமாட்டாள். உனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ் ஆகிவிட்டது என்பதால் டாக்டராகிவிட்டதாக நினைப்பு. மருந்துப் பெயர்களைக் காதில் வாங்கி வாங்கி மனப்பாடம் ஆனதற்குப் பெயர் படிப்பு இல்லை.

என்ன நினைத்து நிறுத்தினாய் என்று எழுது. பதில் திருப்தியாக இல்லையென்றால் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவேன். தங்கை என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 14

டாக்டர் அண்ணனுக்கு,

மெமோ எழுதும் தோரணை உனக்கு நன்றாக வருகிறது. நர்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். சின்ன வயதில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் இப்படித்தான் கத்துவாய்.

உன் கிளினிக்கில் உன்னைக் கேட்காமல் பஞ்சு மாறாது என்பதை நம்புகிறேன். முகப்பருவுக்கு லேசர் அடிக்க வருகிறவர்கள் யாரும் ரத்தம் வடிந்து சாகப்போவதில்லை. உன் நர்ஸுகளுக்கு நிதானமாகக் கேட்டுவிட்டு வர நேரமிருக்கும். பத்தொன்பது வருடமாக நீ பார்ப்பது தோல். தோலுக்கு உள்ளே போன சங்கதியை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்?

எழுத்தில் கேட்டாய். எழுதுகிறேன்.

அப்பா குளியலறை பல்பை மாற்ற பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி வழுக்கி, இடது விலா வாஷ்பேசின் ஓரத்தில் அடிபட விழுந்தார். அது காலை எட்டே முக்கால் மணி. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது பத்தே முக்கால். பிரஷர் எண்பத்தாறு, பல்ஸ் எழுபத்திரண்டு. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தெரிந்தது. எங்கள் சர்ஜன் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ரத்த வங்கிக்கு ஆள் போயிருந்தது. அப்பா, "அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா" என்றார். போட்டேன். அன்றைக்கு நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

நீ என்னோடு பேசவில்லை. "டாக்டர்கிட்ட குடு" என்றாய். அந்த டாக்டரம்மாவுக்குச் சர்வீஸ் இரண்டு வருடம். வெளிநாட்டு டாக்டர், பேஷன்டின் மகன், குரலை உயர்த்திப் பேசுகிறான். பாவம், அவர் உன் பேச்சைக் கேட்டார். ரெண்டு லிட்டர் சலைன், குழாயை முழுசாகத் திறந்து. பிறகு ரத்தக்குழாயை இறுக்கும் மருந்து, புறங்கையில் போட்டிருந்த சின்ன ஊசி வழியாகவே.

நூற்றுப் பதினெட்டு வந்தது உண்மை. அதை நீ போனில் கேட்டதும் உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்கவில்லை. மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். மானிட்டரில் நூற்றுப் பதினெட்டு. ஆனால் அப்பாவின் விரல்கள் ஐஸ் மாதிரி. யூரின் பையில் ஒரு சொட்டு இல்லை. வயிறு என் கண்முன்னால் உப்பிக்கொண்டு வந்தது. பல் கிட்டிக்கும் அளவுக்கு நடுக்கம். ஊசி குத்திய இடத்தில் கசிந்த ரத்தம் வெளிறி, தண்ணீராக, உறையாமல் ஒழுகியது. கிழிந்த மண்ணீரலின் வாயை உடம்பு எப்படியோ ஒரு கட்டி வைத்து அடைத்திருந்தது. நீ அழுத்தத்தை ஏற்றி அதை அடித்துத் தள்ளினாய்.

ரத்தம் என்பது சிவப்புத் தண்ணீர் இல்லை, டாக்டர். பிராணவாயுவைச் சுமக்கிற சரக்கு அதில் இருக்கிறது. ஓட்டையை அடைக்கிற சரக்கும் இருக்கிறது. சலைன் ஊற்றினால் குழாய் நிரம்பும், சரக்கு நிரம்பாது. இருக்கிற கொஞ்சமும் நீர்த்துப்போகும். அதுவும் ஏ.சி. அறையில் கிடந்த சில்லென்ற சலைன். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் தள்ளிப்போகும். போதாததற்கு உன் மருந்து. அது ரத்தத்தைக் கூட்டாது. குழாயைப் பிடித்து நெரித்து எண்ணைத்தான் கூட்டும். எங்கிருந்து எடுத்துக் கூட்டும்? சிறுநீரகத்துக்குப் போவதிலிருந்து, கை கால் விரலுக்குப் போவதிலிருந்து. கறுத்த புறங்கையைப் பற்றிக் கேட்டாயே, அந்த மருந்து ஊசியை விட்டு வெளியே கசிந்து சதையைச் சுட்டது.

பதினொன்றரைக்கு நூற்றுப் பதினெட்டு அறுபத்து நாலானது.

"மேடம், இத நிறுத்துங்க. நம்ம ஃப்ரிட்ஜ்ல ஒரு ஓ நெகட்டிவ் பை இருக்கு, அத ஏத்துங்க" என்றேன். அது அவசரத்துக்கென்று இருந்த ஒரே பை. பிரஷர் நன்றாக இருக்கிறது என்று அதுவரை யாரும் அதை எடுக்கவில்லை. உன் எண் செய்த பெரிய உபகாரம் அது. டாக்டரம்மா சொன்னார்: "சிஸ்டர், உங்க அண்ணன் சொல்லிருக்காரு." மேலும் ஒன்று சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் சலைனை மூடினேன். மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். கேஸ் ஷீட்டில் 'மணி 11.35, நிறுத்தியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ரத்தத்தைச் சூடுபடுத்தி ஏற்றினோம். உறைய உதவும் ஊசியைப் போட்டபோது அடிபட்டு மூன்று மணி நேரம் முடிய ஐந்து நிமிடம் பாக்கி. அதற்குப் பிறகு அந்த ஊசியால் நன்மை இல்லை. கம்பளி மேல் கம்பளி. பிரஷரை எண்பது எண்பத்தைந்தில் வைத்தேன். கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்கு, மணிக்கட்டில் நாடி தட்டும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. ஓட்டையைத் தைக்க ஆள் வரும்வரை அவ்வளவுதான் வேண்டும். சர்ஜன் வந்தார், மண்ணீரலை எடுத்தார், இன்னும் நாலு பை ரத்தம் ஏறியது. "யார் நிறுத்தினது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "நல்லது" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவரிடமும் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பு.

டாக்டரம்மா சொன்ன இன்னொன்று இதுதான்: "அவ நர்ஸ், அவ பேச்சக் கேக்காதீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு சிஸ்டர்."

கவுன்சிலுக்கு எழுது. முகவரி வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

தங்கை

*

மார்ச் 25

தங்கைக்கு,

வசனம் பிரமாதம். என் தொழிலைக் கேலி செய்ததில் உனக்குப் பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். நான் படித்தபோது ரத்தம் போனால் ரெண்டு லிட்டர் என்பதுதான் பாடம். பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது. அவர்களெல்லாம் மடையர்கள், நீதான் அறிவாளி என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினொன்றரை, பதினொன்று முப்பத்தைந்து என்று நிமிடக் கணக்கில் எழுதுகிற நீ ஓரிடத்தில் மட்டும் ஒரே தாவாகத் தாவுகிறாய். விழுந்தது எட்டே முக்கால். ஆஸ்பத்திரிக்கு வந்தது பத்தே முக்கால். உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் கால் மணி நேரம். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று?

அன்றைக்கு உனக்கு ட்யூட்டி இல்லை. வீட்டில்தான் இருந்தாய். ஐஸ் மாதிரி விரல், உப்பும் வயிறு, எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற உன் கழுகுக் கண் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? நான் தூரத்தில் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்து அறையில் இருந்தாய்.

நான் சொன்ன சலைன் கெடுத்தது அரைமணி நேரம். நீ கெடுத்தது அதற்கு மேல். கூட்டிக் கழித்துப் பார்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாய். பத்து நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

சத்தம் கேட்டு ஓடினேன். அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "ஸ்டூல் வழுக்கிடுச்சும்மா. விலாவுல லேசா அடி, அவ்ளோதான்." கையைப் பிடித்துப் பல்ஸ் பார்த்தேன். எழுபது. ஒரே சீராக, கடிகாரம் மாதிரி. ரத்தம் உள்ளே போனால் பல்ஸ் ஓடும். ஓடவில்லை, அதனால் ஒன்றுமில்லை. ஆயிரம் பேருக்குப் பார்த்த கை, எனக்கு அப்படித்தான் சொன்னது. "ஒண்ணுமில்லப்பா, படுங்க" என்றேன். காலையில் போட வேண்டிய மாத்திரையை என் கையால் எடுத்து, தண்ணீரோடு கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

அந்த மாத்திரை எதற்கு என்று எனக்குத் தெரியும். பிரஷருக்கு, இதயம் வேகமாக அடிக்காமல் பிடித்து வைப்பது. உள்ளே எவ்வளவு ரத்தம் போனாலும் அந்த மாத்திரை போட்டவருக்குப் பல்ஸ் ஓடாது, ஓட விடாது. மற்ற பேஷன்ட் என்றால் முதல் கேள்வியே "என்ன மாத்திரை போடுறீங்க?" என்பதுதான். என் அப்பாவிடம் நான் அதைக் கேட்கவில்லை, கொடுத்ததே நான் என்பதால். பத்தேகாலுக்கு எட்டிப் பார்த்தேன். உதடு வெளுத்து, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டு, "தோள்பட்ட ஏன்மா வலிக்குது?" என்றார். விழுந்தது விலாவில், வலி இடது தோளில். மண்ணீரலிலிருந்து உள்ளே ரத்தம் தேங்கினால் வலி அங்கேதான் தெரியும். அப்போதுதான் விளங்கியது.

ஆக, ஒன்றரை மணி நேரம் என் கணக்கில். எழுதிவிட்டேன். கவுன்சிலுக்கு அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பு.

அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு முன்னால், போனில், ஒருமுறைகூட அவர் கையைத் தொட்டுப் பார்க்காமல். கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, "வயசானவங்க எல்லாரும் போடுறதுதான்" என்று. மாத்திரை தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் போனில் ரெண்டு லிட்டர், இந்த மருந்து, அந்த மருந்து என்று அடுக்கினாயே, "அப்பா நான் எழுதின மாத்திரை போடுறாரு, பல்ஸை நம்பாதீங்க" என்று அந்த டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை வந்ததா? எழுபத்திரண்டைப் பார்த்து, அவ்வளவு மோசமில்லை என்றே அவர் கடைசிவரை நினைத்தார்.

இனி உண்மையான சங்கதிக்கு வருகிறேன். அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு டயாலிசிஸோடு சிறுநீரகம் திரும்பிக்கொண்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பாட்டு: "என் பையன்தான் என்னக் காப்பாத்துனான். அங்க இருந்தே போன்ல சொல்லிச் சொல்லி." போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். அவர் கையில் கட்டு என்பதால் போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில்.

"நீ மட்டும் சொல்லலேன்னா நான் இன்னிக்கி இல்லப்பா" என்றார் அப்பா.

நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் எதுக்குப்பா? பெத்தவருக்கு இதுகூட செய்யலேன்னா நான் என்ன டாக்டர்?"

என் கடிதம் போய்ச் சேர்ந்து, படித்து, பதிலும் எழுதிய பிறகு இப்படிச் சொன்னாய். போனை ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். அப்பா கண் கலங்கிக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டு நின்றேன். தெரியாமல் சலைன் ஏற்றச் சொன்னது தப்பு, அவ்வளவுதான். இது அசிங்கம்.

கையின் போட்டோக்களை இதோடு வைத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பு, ஆறவில்லை. தோல் ஒட்ட வேண்டியிருக்கும் என்கிறார் சர்ஜன். பார்த்து ரசி. உன் சரக்குதான்.

தங்கை

*

ஏப்ரல் 17

தங்கைக்கு,

போட்டோ தெளிவாக இருக்கிறது, நன்றி. கறுப்பின் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறதா, அல்லது ஈரமாக, வாடையோடு இருக்கிறதா? விரல்களை முழுசாக மடக்க முடிகிறதா? மடக்கும்போது அடியில் வெள்ளையாக நரம்பு மாதிரி ஏதாவது நகர்வது தெரிகிறதா? தெரிந்தால் அது தசைநாண். ஒரு நிமிடம்கூட உலர விடாதே. ஸ்பிரிட் தடவாதே. கறுப்பை நீயாகச் சுரண்டாதே; சர்ஜனைக் கத்தியால் எடுக்கச் சொல். எடுத்த பிறகு அடியில் சிவப்பாக, புள்ளி புள்ளியாகச் சதை ஏற வேண்டும். ஏறிய பிறகுதான் தோல் ஒட்ட வேண்டும்; அவசரப்பட்டால் பிடிக்காது. கையை எப்போதும் நெஞ்சுக்கு மேலே தூக்கி வை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உன்னைவிடக் கொஞ்சம் தெரியும்.

கவுன்சிலுக்கு எழுதவில்லை. எழுதத் தொடங்கினேன். 'அந்த நர்ஸ் நிறுத்தியதால்' என்று எழுதியதும் அடுத்த வாக்கியம் வரவில்லை.

மூன்று இரவுகளாக இப்போதைய புத்தகங்களைப் படித்தேன். நான் படித்த பாடத்தை அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாமல் அதிகாரம் பண்ணினேன்.

அன்றைக்குப் போனில் உன் குரல் கேட்டது. "வேணாம் மேடம்" என்று பின்னாலிருந்து நீ சொன்னது. கேட்ட பிறகுதான் 'அவ நர்ஸ்' என்ற அந்த வார்த்தையை நான் சொன்னேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, கையின் சூடு தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு எண்தான். அது ஏற ஏற எனக்கு மூச்சு வந்தது. இப்போது யோசித்தால் அந்த மருந்து அப்பாவுக்கு அல்ல, எனக்குத்தான் ஏறியது. மீட்டிங் எதுவும் இல்லை. நூற்றுப் பதினெட்டு என்று கேட்டதும், அது மறுபடி இறங்குவதற்குள் போனை வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பேசியதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

அண்ணன்

*

மே 20

அண்ணனுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ இங்கே இருந்த பதினான்கு நாளும் நாம் பேசியதைச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. "பஞ்சு எங்கே?", "அந்த மேஜை மேல." அவ்வளவுதான். எழுத்தில் வாய் நீளும் நமக்கு நேரில் நாக்கு எழாது போல.

முதலில் கை. நேற்றுக் கட்டைப் பிரித்தோம். எங்கள் சர்ஜனோடு நின்று நீ ஒட்டிய தோல் பிடித்துவிட்டது, ஓரத்தில் ஒரு பயறு அளவைத் தவிர. சுத்தமான வேலை. சர்ஜன் அதைச் சொல்லச் சொன்னார். எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

இரண்டாவது, டாக்டரம்மா. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ட்யூட்டி ரூமுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டாயாம். எதிரில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டாயாம். அவர்தான் சொன்னார். "உங்க அண்ணன் நல்ல மனுஷன் சிஸ்டர்" என்றார். பாதி வரைக்கும் சரி என்றேன்.

மூன்றாவது, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். நான் பகல் ட்யூட்டிக்குப் போயிருந்த ஒருநாள் நீ அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மூச்சு விடவில்லை. நீ போன மறுநாள் அப்பாவே சொன்னார். தான் சொன்னது தப்பு, நிறுத்தியவள் அவள், காப்பாற்றியது அவள் என்று நீ சொன்னாயாம். அப்பா உன்னைக் கேட்டாராம்: "அவ பக்கத்துலதானேடா இருந்தா? அவளக் கேட்டிருக்கலாமே?"

நீ அவர் கைக்கட்டைச் சரிசெய்யத் தொடங்கினாயாம்.

நானும் என் பங்கைச் சொன்னேன். பல்ஸ் பார்த்தது, மாத்திரையைக் கொடுத்தது, துணி துவைக்கப் போனது. அப்பா கேட்டுக்கொண்டார். "நான்தான் சிரிச்சிட்டு உக்காந்திருந்தேனே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விட்டுவிட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி பயந்தியாம்மா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. டாக்டரும் கேட்டதில்லை, பேஷன்டும் கேட்டதில்லை.

"பயந்தேம்பா. ட்ரிப்ஸ மூடுறப்போ கையெல்லாம் வேர்த்துடுச்சு."

"எனக்குத் தெரியலையே."

"தெரியக்கூடாதுன்னுதான்."

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதினால் அது பொய். இன்னும் கோபம் வருகிறது. பல் விளக்கும்போதுகூட வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. அது போகும்போது சொல்லி அனுப்புகிறேன்.

இன்று காலை அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒட்டுப்போட்ட கையாலேயே பொத்தானைப் போட்டார். மேலே இரண்டுதான் முடிந்தது. மூன்றாவதில் விரல் வழுக்கியது. நான் எழுந்து போகவில்லை. அவர் மறுபடி முயற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தங்கை